கதவில்லா அரங்கம்

இசை கேட்கச் சென்றோம். இடித்துரை பெற்றுத் திரும்பினோம். இடித்துரைத்தவர் வாய் திறக்கவில்லை. ஒரு விரலை உதட்டின்மேல் வைத்தார், அவ்வளவே! ஆனால் அந்த ஒரு விரல் நமக்கு உணர்த்தியதை, ஒழுக்கம் பற்றி நாம் கேட்ட ஓராயிரம் சொற்பொழிவுகள் உணர்த்தியதில்லை. நாமே மேடையேறி முழங்கிய சொற்பொழிவுகளும் அந்த ஓராயிரத்தில் அடக்கம்!

இடம், நியூயார்க் மாநகரம். முகில் தொடும் மாளிகைகள் நெருக்கியடித்து நிற்கும் மன்ஹாட்டன் தீவின் நடுவே, 843 ஏக்கர் பரப்பில் பசுமை விரித்துக் கிடக்கிறது சென்ட்ரல் பார்க் என்னும் பூங்கா. அதன் நடுப்பகுதியில் பெரும் புல்வெளி ஒன்று. ஜூன் திங்கள் மாலை. எட்டு மணிக்குத் தொடங்கவிருக்கும் இசைக்கு, ஐந்து மணிக்கே இடம் பிடிக்க மக்கள் வந்து குவிந்த வண்ணம் இருந்தனர். நுழைவுச் சீட்டு இல்லை. நாம் அமர்ந்த பக்கத்தில் நாற்காலி இல்லை. முதல் வகுப்பு, மூன்றாம் வகுப்பு என்ற வேறுபாடு இல்லை. போர்வை விரித்தவர்க்கு, விரித்த இடம் அன்று இரவு வரை சொந்தம். குழந்தையோடு வந்த தாய், கைத்தடியோடு வந்த கிழவர், காதலியோடு வந்த காளை, கடையை மூடிவிட்டு வந்த வணிகர், களைத்து வந்த கட்டடத் தொழிலாளி எனப் பலரும் ஒரே புல்லின்மேல், ஒரே மட்டத்தில்!

நம் ஊரில் 'ஆர்க்கெஸ்ட்ரா' என்றதும், திருமணப் பந்தலில் திரைப்பாடல் முழக்கும் மெல்லிசைக் குழுவே நினைவுக்கு வரும். அங்கே அச்சொல் குறிப்பது வேறு. வயலின் ஏந்தியோர் வரிசை வரிசையாக, அவர்க்கு அப்பால் செல்லோ, பின்னே குழல்களும் கொம்புகளும் எக்காளங்களும், கடைசியில் முரசு, ஏறத்தாழ நூறு கலைஞர்கள்! நடுவே ஒருவர், கையில் ஒரு சிறுகோலுடன் நிற்கிறார். அவர் ஓர் ஓசையும் எழுப்புவதில்லை. மற்றவர் ஓசைகளை இணைக்கிறார். அத்தகைய இசைக்குழுவைத்தான் காணச் சென்றோம்.

நம்முடன் வந்த நண்பர், பல ஆண்டுகளுக்கு முன்பே அந்நாட்டில் குடியேறிய தமிழர், கூர்மையான நாவினர். கூட்டத்தை ஒருமுறை நோக்கினார், குறுநகை புரிந்தார்.

"செவிக்கு ஓர் அன்னதானம்! பார்த்தீர்களா? ஆண்டு முழுதும் மண்டபத்துக்குள், காசு கொடுத்தவர்க்கே இசை. கோடையில் ஓரிரவு மட்டும் ஏழைகளுக்கு இலை போடுகிறார்கள். பகுத்தறிவு பேசும் நீங்கள், இந்தத் தருமத்தைக் கண்டா மயங்குகிறீர்கள்?" என்றார்.

சுருக்கென்றது நமக்கு. தருமம் என்ற சொல்லுக்கு அடியில் ஒரு படிக்கட்டு ஒளிந்திருப்பதை நாம் அறிவோம். மேற்படியில் நிற்பவன் கொடுக்கிறான். கீழ்ப்படியில் நிற்பவன் கையேந்துகிறான். கொடுத்தவனுக்குப் புண்ணியம், வாங்கியவனுக்கு ஒருவேளைச் சோறு, படிக்கட்டோ இருந்த இடத்திலேயே இருக்கிறது! படிக்கட்டை இடிக்க வேண்டும் என்று பேசுபவர் நாம். அந்த நாம், பந்தியில் அமர்ந்துகொண்டு பாராட்டுரை வழங்கலாமா?

ஆகவே வாதம் எழுந்தது. எல்லார்க்கும் பொதுவாகக் கிடைக்கும் ஒன்று, கொடையா? உரிமையா? கொடை எனில் அதன் அடையாளம் யாது? உரிமை எனில் அதற்குச் சான்று எது? இசை தொடங்க மூன்று மணி நேரம் இருந்தது. வாதம் செய்யத் தமிழர் இருவர்க்கு அதைவிட வேறென்ன வேண்டும்!

நாம் முதலில் சொன்னது இது: "கலையின் கதவு தானாகத் திறந்ததில்லை ஐயா, தட்டியவர் இருந்தனர். தட்டித் திறந்த கதவைத் தருமம் என்று எப்படிச் சொல்வது?"

சான்று காட்டினோம். இதே பூங்காவில் 1859-ஆம் ஆண்டிலேயே இசை நிகழ்ச்சிகள் தொடங்கிவிட்டன. எந்த நாளில்? சனிக்கிழமைப் பிற்பகலில்! அந்நாளில் தொழிலாளிக்கு வாரம் ஆறு நாள் வேலை. சனிக்கிழமையும் அதில் ஒன்று. அவனுக்கு ஓய்வு ஞாயிறு மட்டுமே. அந்த ஞாயிற்றுக்கிழமையில் இசை நடத்தலாகாது என்று தடுத்தவர் யார்? அது ஆண்டவனுக்குரிய நாள். அன்று கேளிக்கை பாவம் என்று சொன்ன சமயப் பற்றாளர். பூங்கா பொது, இசை பொது, ஆனால் உழைப்பவன் வரக்கூடிய ஒரே நாளில் மேடை காலி! கதவு இல்லாத வெளிக்கும் பூட்டுப் போடும் திறன் மதத்துக்கு உண்டு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? ஞாயிற்றுக்கிழமை இசை அங்கே ஒலித்தது 1880-களில்தான். ஏறத்தாழ கால் நூற்றாண்டு காத்திருந்து பெற்ற ஞாயிறு அது!

நண்பர் விடவில்லை. "திறந்தவெளி பூட்டப்பட்டதைச் சொன்னீர்கள். மண்டபம் பூட்டப்பட்ட கதையைச் சொல்லவில்லையே!" என்றார். அதையும் பேசினோம்.

மரியன் ஆண்டர்சன் என்னும் பாடகியை உலகம் அறியும். ஐரோப்பிய நகரங்கள் அவர் குரலைக் கேட்டு உருகின. அவர் பிறந்த நாட்டின் தலைநகரான வாஷிங்டனில், 1939-ஆம் ஆண்டு, 'அமெரிக்கப் புரட்சியின் புதல்வியர்' என்ற அமைப்பு தன் அரங்கத்தை அவருக்குத் தர மறுத்தது. குரலில் குறையா? இல்லை. தோலின் நிறம் கறுப்பு! அவ்வாண்டு ஏப்ரல் 9 அன்று, அடிமைத்தளை அறுக்க ஆணையிட்ட ஆபிரகாம் லிங்கனின் நினைவகப் படிகளில் நின்று அவர் பாடினார். கேட்டவர் ஏறத்தாழ 75,000 பேர். நாலு சுவருக்குள் இடமில்லை என்றவர்கள் நாணும்படி, நாற்றிசையும் அவர்க்கு அரங்கமாயிற்று!

"பார்த்தீர்களா, திறந்தவெளி அறம் காத்தது!" என்று நாம் பூரித்தோம். நண்பர் தலையசைத்து மறுத்தார். "வெளியில்தான் பாடியாயிற்றே, இனி உள்ளே எதற்கு என்று யாரேனும் கேட்டிருந்தால்?" என்றார். வாயடைத்தோம். ஆம்! திறந்தவெளி, மூடிய கதவுக்கு மாற்று ஆகாது. புல்வெளியில் இடம் கொடுத்துவிட்டோம் என்பது, மண்டபத்தைப் பூட்டி வைப்பதற்குச் சமாதானம் ஆகிவிடக் கூடாது. நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் இசைநாடக அரங்கில் மரியன் ஆண்டர்சன் பாடியது 1955-இல். அந்த மேடையில் பாடிய முதல் கறுப்பினப் பாடகி அவரே. வெளியில் 75,000 பேர் கேட்டதற்கும், உள்ளே ஒரு கதவு திறந்ததற்கும் இடையே 16 ஆண்டுகள்!

அடுத்து, நண்பர் தரையைத் தட்டினார். "இந்தப் புல் யாருடையது?" என்றார்.

"மக்களுடையது" என்றோம்.

"எந்த மக்களுடையது?" என்றார்.

அந்தப் புல்வெளிக்கு மேற்கே, கூப்பிடு தொலைவில், செனிகா வில்லேஜ் என்றொரு குடியிருப்பு இருந்தது. ஆண்ட்ரூ வில்லியம்ஸ் என்ற 25 அகவைக் கறுப்பின இளைஞர், காலணிக்கு மெருகிடும் தொழிலாளி, 1825-இல் 125 டாலர் கொடுத்து அங்கே மூன்று மனைகள் வாங்கினார். நியூயார்க்கில் அடிமை முறை முற்றாக ஒழிந்தது 1827-இல். அதற்கு இரண்டாண்டு முன்பே ஒரு காலணித் தொழிலாளி மண்ணுக்கு உரிமையாளர் ஆனார்! அவரைப் பின்பற்றிப் பலர் வந்தனர், வீடு கட்டினர், தோட்டமிட்டனர், பள்ளி அமைத்தனர், பிழைப்புத் தேடி வந்த அயர்லாந்துக்காரரும் உடன் வாழ்ந்தனர். 1855-இல் அங்கே ஏறத்தாழ 225 பேர்.

அம்மண் அவர்களுக்கு வெறும் மண் அன்று. 1821-இல் எழுதப்பட்ட நியூயார்க் மாநில அரசமைப்பின்படி, கறுப்பின ஆண்மகன் வாக்களிக்க வேண்டுமெனில் 250 டாலர் மதிப்புள்ள சொத்து வேண்டும். வெள்ளையர்க்கு அத்தகைய தடை நீக்கப்பட்டது. ஆகவே மனை என்பது வாக்கு. வாக்கு என்பது மானம். பூங்கா அமைக்கவென்று அரசு அந்நிலத்தை எடுத்துக்கொண்டது. இழப்பீடு கொடுத்தது, ஆனால் மானத்துக்கு எந்தக் கணக்கன் விலை போடுவான்? 1857-க்குள் வீடுகள் இடிக்கப்பட்டன, மக்கள் கலைந்தனர், ஊர் மறைந்தது. அதன் பிறகு ஒன்றரை நூற்றாண்டுக் காலம், உலாவ வந்தோர் கண்ணில் படும்படி அங்கே ஒரு சொல்லும் இல்லை. 2001-இல்தான், இங்கே இப்படி ஓர் ஊர் இருந்தது என்று அறிவிப்புப் பலகை நட்டனர். 2011-இல் ஆய்வாளர் தோண்டியபோது வீட்டுச் சுவரின் அடித்தளமும், சமையற் கலங்களும் வெளிப்பட்டன.

நாம் அமர்ந்திருந்த புல்வெளிக்கும் ஒரு கதை உண்டு. அது முன்பு நகரின் நீர்த்தேக்கம். 1930-களின் தொடக்கத்தில், நீர் வடிந்த அந்தப் பள்ளத்தில், பொருளாதார வீழ்ச்சியால் வேலையிழந்தோர் குடிசையிட்டு வாழ்ந்தனர். அவர்களும் அகற்றப்பட்ட பின்னரே அங்கே புல் முளைத்தது.

பொதுவெளி, வானத்திலிருந்து விழுவதில்லை தோழர்களே! யாரோ கொடுத்த விலை அதில் புதைந்திருக்கிறது. அந்த விலையைக் கொடுத்தவன், பெரும்பாலும், அதன் பயனைத் துய்க்காதவன்.

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. மேடையில் கலைஞர்கள் கருவிகளுக்குச் சுருதி கூட்டினர். நாமோ வாதத்துக்குச் சுருதி கூட்டினோம்!

"மேடையைப் பாருங்கள்" என்றார் நண்பர். "கேட்போரில் சமத்துவம் பேசினீர்கள். வாசிப்போரில்?"

நியூயார்க் பில்ஹார்மோனிக் இசைக்குழு தோன்றியது 1842-இல். நகரப் பூங்காக்களில் கட்டணமின்றி இசைக்கும் வழக்கத்தை அது தொடங்கியது 1965 ஆகஸ்டு 10 அன்று, இதே பூங்காவின் மற்றொரு புல்வெளியில். அன்று கூடியவர் ஏறத்தாழ 70,000 பேர். நடத்தியவர் வில்லியம் ஸ்டைன்பர்க். யூதர் என்பதற்காக 1933-இல் ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரத்துப் பதவியிலிருந்து விரட்டப்பட்டவர். வாசித்தது, பீத்தோவனின் ஒன்பதாவது சிம்பொனி. 1824-இல் வியன்னாவில், ஆக்கியவரே கேட்க இயலாதபடி செவிப்புலன் இழந்திருந்த நிலையில், முதன்முதல் அரங்கேறிய படைப்பு. மாந்தர் யாவரும் உடன்பிறந்தாரே என்னும் கருத்தைப் பாடி முடிவது அது.

நாட்காட்டியைப் புரட்டுங்கள். அந்த மாலைக்கு நான்கு நாள் முன்பு, ஆகஸ்டு 6 அன்று, கறுப்பினத்தவரின் வாக்குரிமையைக் காக்கும் சட்டம் கையெழுத்தாயிற்று. அந்த மாலைக்கு மறுநாள், ஆகஸ்டு 11 அன்று, லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் வாட்ஸ் பகுதி கொந்தளித்து எரியத் தொடங்கிற்று. 34 பேர் மாண்டனர். சட்டத்துக்கும் நெருப்புக்கும் இடையே, புல்வெளியில், உடன்பிறப்பு பற்றி ஒரு பாட்டு! அதை வாசித்த குழுவில் நிரந்தர உறுப்பினராக இருந்த கறுப்பினத்தவர் ஒருவரே: வயலின் கலைஞர் சான்போர்டு ஆலன். அவர் சேர்ந்தது 1962-இல். குழு தோன்றி 120 ஆண்டுகள் கழித்து, ஒருவர்! 1966-இல் ஓரின் ஓ'பிரையன் என்ற பெருவயலின் கலைஞர் சேர்ந்தபோது, அத்தனை ஆடவர் நடுவே ஒரே பெண் அவர்.

அந்நிலை மாறியது எப்படி? நல்லெண்ணத்தால் மட்டுமா? இல்லை. ஒரு திரையால்! 1970-களில் அமெரிக்க இசைக்குழுக்கள் பலவும், கலைஞரைத் தேர்ந்தெடுக்கும்போது, வாசிப்பவர்க்கும் நடுவர்க்கும் இடையே திரை தொங்கவிட்டன. காலணி ஓசை கொண்டு ஆணா பெண்ணா என்று அறிந்துவிடக் கூடாதென, தரையில் கம்பளமும் விரித்தன. கண்ணை மறைத்ததும் காது நீதி சொல்லிற்று! 2022-இல் அந்த நியூயார்க் குழுவில் பெண்கள் 45, ஆண்கள் 44. கறுப்பினத்தவர் தொகையோ இன்னும் விரல்விட்டு எண்ணத்தக்கதே. திரை, தேர்வு நாளில் நீதி செய்யும். பத்து வயதில் வயலின் வாங்கிக் கொடுக்காது அல்லவா?

இப்படி நாம் அடுக்கிக்கொண்டிருக்கையில், இசை தொடங்கிவிட்டது. நாம் குரலைத் தாழ்த்தினோம், பேச்சை நிறுத்தவில்லை.

வாசித்தது, துவோர்ஷாக் என்பாரின் 'புதிய உலகிலிருந்து' என்னும் சிம்பொனி. அவர் பொகீமிய நாட்டவர். இறைச்சி வெட்டும் தொழிலும் விடுதியும் நடத்தியவரின் மகன். 1892 முதல் 1895 வரை நியூயார்க்கில் தேசிய இசைக் கல்லூரியின் தலைவராக இருந்தார். கறுப்பின மாணவர்க்கும் கதவு திறந்து வைத்த கல்லூரி அது. அங்கே பயின்ற ஹாரி பர்லே என்ற இளைஞர், அடிமையாய் இருந்து விடுபட்ட ஒருவரின் பேரன், தம் முன்னோர் பாடிய பாடல்களைத் துவோர்ஷாக்குக்குப் பாடிக் காட்டினார். இந்நாட்டின் இசை எதிர்காலம் இந்தப் பாடல்களின்மேல்தான் எழும்ப வேண்டும் என்று 1893-இல் வெளிப்படையாகச் சொன்னார் அந்த அயல்நாட்டார். அவ்வாண்டு டிசம்பரில் கார்னிகி மண்டபத்தில் இந்த சிம்பொனி அரங்கேறியது. அரங்கேற்றியது, இதே நியூயார்க் பில்ஹார்மோனிக்.

இதைத்தான் நண்பரிடம் சொல்லிக்கொண்டிருந்தோம். ஒடுக்கப்பட்டோரின் இசை எவ்வாறு உயர்ந்தோரின் மண்டபத்தில் ஏறிற்று என்று, ஆர்வம் பொங்க, அடிக்குரலில்! இரண்டாம் பகுதி தொடங்கியிருந்தது. மெல்ல, மிக மெல்ல, ஒற்றைக் குழல் ஒன்று வீட்டை நினைத்து ஏங்குவதுபோல் ஒலித்துக்கொண்டிருந்தது. அப்போதுதான் பக்கத்துப் போர்வையில் அசைவு தெரிந்தது. மருத்துவமனைப் பணிச்சீருடையோடு, காலணியைக் கழற்றி வைத்துவிட்டு, கண்மூடிப் படுத்திருந்த ஒரு மாது எழுந்து அமர்ந்தார். நம்மை நோக்கினார். சினம் இல்லை, கெஞ்சலும் இல்லை. விரலை உதட்டின்மேல் வைத்தார். மீண்டும் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

நாம் வாய் மூடினோம். முகம் எரிந்தது.

எண்ணிப் பாருங்கள்! எவருடைய உரிமைக்காக நாம் வாதாடிக்கொண்டிருந்தோமோ, அவர் நம் அருகில் இருந்தார். நாளெல்லாம் நின்று உழைத்துவிட்டு, அந்தச் சில நிமிடங்களுக்காக வந்திருந்தார். உழைப்பவர்க்கு இசை வேண்டும் என்று உரையாற்றிய நாமே, உழைப்பவர் ஒருவரின் இசையைப் பறித்துக்கொண்டிருந்தோம்! பணத்தைப் பறித்திருந்தால் திருப்பித் தரலாம். ரொட்டியைப் பறித்திருந்தால் வேறொன்று வாங்கித் தரலாம். அந்தக் குழலோசை கடந்து போயிற்று. அதை எந்தக் கடையில் வாங்குவது? இசை முடிந்ததும் வருத்தம் தெரிவித்தோம். "பரவாயில்லை, முடிவுப் பகுதியை முழுதாகக் கேட்டேன்" என்றார். நமக்காகச் சொன்ன ஆறுதல் அது. நம் கணக்கைத் தீர்க்கும் ரசீது அன்று.

ஆனால் அந்த விரல், நம் வாதத்துக்கு விடை தந்தது.

அந்த மாதுக்கு நம்மை அடக்க என்ன அதிகாரம்? அவர் காவலர் அல்லர். சீட்டு வாங்கியவர் என்ற உரிமையும் இல்லை; சீட்டே இல்லையே! பேசினால் நரகம் என்று மிரட்டும் நூல் அவர் கையில் இல்லை. அமைதி காத்தால் அடுத்த பிறவியில் நலம் என்ற ஆசை காட்டலும் இல்லை. இருந்தும் அவர் விரலுக்குப் பணிந்தோம். ஏன்? அந்த இசை நமக்கு எவ்வளவோ அவர்க்கும் அவ்வளவு. அவர்க்கு எவ்வளவோ நமக்கும் அவ்வளவு. அந்தச் சமநிலையே அவருடைய அதிகாரம். ஆண்டவனின் கண் பார்க்கிறது என்பதற்காக அன்று. அருகிலிருப்பவரின் காது கேட்கிறது என்பதற்காக அடங்கினோம். கடவுள் இல்லையெனில் ஒழுக்கம் எங்கிருந்து வரும் என்று கேட்போர்க்கு, அந்தப் புல்வெளியைக் காட்டலாம். ஆயிரமாயிரம் பேர், இருட்டில், ஏவுவார் இன்றி அமைதி காத்தனர்.

கொடைக்கும் பொதுவுக்கும் உள்ள வேறுபாடு அங்கேதான் விளங்கிற்று. கொடை பெற்றவன், கொடுத்தவனுக்குக் கடன்படுகிறான். அந்தக் கடன் மேல்நோக்கிச் செல்கிறது. குனிந்து கும்பிடச் சொல்கிறது. பொதுவில் பங்கு பெற்றவன், பக்கத்தில் இருப்பவனுக்குக் கடமைப்படுகிறான். அந்தக் கடமை சமமட்டத்தில் செல்கிறது. நிமிர்ந்தபடியே செய்யச் சொல்கிறது. எதுவரை நாம் மேடையை நோக்கி நன்றி கூறுவதோடு நிற்கிறோமோ, அதுவரை அது அன்னதானம். எப்போது பக்கத்துப் போர்வையை நோக்கிக் கடமை உணர்கிறோமோ, அப்போது அது உரிமை. நண்பர் கேட்ட வினாவுக்கு விடை, இசைக்குழுவின் கணக்கேட்டில் இல்லை. கேட்போரின் நடத்தையில் இருக்கிறது.

"கூட்டத்துக்குக் கொடுத்தால் கலை மலிந்துவிடும்" என்பார் சுவைஞர் சிலர். வானூர்தி பறக்கிறது, ஊர்தியின் சங்கு அலறுகிறது, ஒலிபெருக்கியில் நுட்பம் தேய்கிறது என்பார். நுட்பம் தேய்வது உண்மையே, மறுக்கவில்லை. நல்ல மண்டபத்தில் ஒலிக்கும் வயலினுக்கு, வெளியில் ஒலிப்பது ஈடாகாது. ஆனால் மலிவு என்பது வேறு. ஒரு ரொட்டியை இருவர் பகிர்ந்தால் ஆளுக்குப் பாதி. ஒரு பாட்டை எழுபதாயிரவர் பகிர்ந்தாலும் ஆளுக்கு முழுதே! 1986 ஜூலை 5 அன்று, சுதந்திரச் சிலையின் நூற்றாண்டையொட்டி, நாம் அமர்ந்த அதே புல்வெளியில், பம்பாயில் பிறந்த ஜூபின் மேத்தா இசைக்குழுவை நடத்தியபோது, கூடியவர் ஏறத்தாழ 8,00,000 பேர் என்று மதிப்பிட்டனர். அவர்களுள் கடைசியில் நின்றவனுக்கு இசை எட்டு லட்சத்தில் ஒரு பங்கா கிடைத்தது?

பகிர்ந்தால் குறையாதது இசை. ஆனால் அதைத் தாங்கி நிற்கும் அமைதி இருக்கிறதே, அது ஒருவனால் உடையக்கூடியது. எட்டு லட்சம் பேர் சேர்ந்து கட்டியதை, எட்டுப் பேர் கலைத்துவிடலாம். ஆகவே, அமைதியே அங்கு நுழைவுச் சீட்டு. செல்வனும் வறியனும் சமமாகக் கொடுக்கக்கூடிய ஒரே கட்டணம் அதுதான். அந்தக் கட்டணத்தைக் கட்டாமல் உள்ளே நுழைந்தவர், அன்று, நாம்!

எனினும் ஓர் எச்சரிக்கை. அமைதி என்ற சொல்லை ஆதிக்கம் செலுத்துவோர்க்கு மிகவும் பிடிக்கும். இடித்த ஊரைப் பற்றி ஒன்றரை நூற்றாண்டு பேசாதிருந்ததும் ஓர் அமைதிதான். மரியன் ஆண்டர்சனுக்குக் கதவடைத்தபோது, வாளாவிருந்தோர் காத்ததும் அமைதிதான். உழைப்பவனை நோக்கி 'உரக்கப் பேசாதே' என்று காலமெல்லாம் கட்டளையிட்டவர் உண்டு. இரண்டையும் ஒன்றெனக் கொள்ளலாமா? கொள்ளலாகாது. பக்கத்திலிருப்பவன் கேட்கட்டும் என்று நாமே விரும்பி அடங்குவது ஓர் அமைதி. பக்கத்திலிருப்பவன் கேட்காதிருக்கட்டும் என்று நம்மை அடக்குவது மற்றோர் அமைதி. முன்னது சமத்துவத்தின் பிள்ளை. பின்னது அடிமைத்தனத்தின் தாய். அந்த மாதின் விரல் கேட்டது முன்னதை. செனிகா வில்லேஜின் மண் உடைக்கச் சொல்வது பின்னதை.

அப்படியெனில் நாம் பேசியது தவறா? பேசிய செய்தியில் தவறில்லை. பேசிய வேளை தவறு. இசை முடிந்தது. முடிவில் வாணவெடிகள் வானில் மலர்ந்தன. மக்கள் கைதட்டி எழுந்தனர். அப்போது நாம், நண்பரோடு, தம் காலணிகளை மாட்டிக்கொண்டிருந்த அந்த மாதையும் நோக்கி, மேற்கே இருந்த ஊரைப் பற்றிச் சொன்னோம். அவர் அப்பூங்காவுக்குப் பல முறை வந்தவர். ஆனால் அதைக் கேள்விப்பட்டதில்லையாம். "எந்தப் பக்கம்?" என்று கேட்டார். காட்டினோம். சிறிது நேரம் அவ்விருளையே நோக்கி நின்றார். பிறகு போர்வையை மடித்தார். சுற்றிலும் கிடந்த காகிதங்களைப் பொறுக்கினார். அவர் போட்டவை அல்ல அவை. நாமும் குனிந்தோம், நண்பரும் குனிந்தார். பிறர் முன் கும்பிடக் குனிவதில்லை என்ற கொள்கையுடைய நாம், குப்பை பொறுக்கக் குனிந்ததில் இழுக்கு ஒன்றும் காணவில்லை.

நண்பர் அதன் பிறகு அன்னதானம் என்ற சொல்லை எடுக்கவில்லை. ஆனால் வீடு திரும்பும் வழியில், "ஆண்டு முழுதும் இப்படி இருந்தால் அல்லவா முழு உரிமை!" என்றார். மறுக்க நமக்கு மனமில்லை, காரணமும் இல்லை. ஓர் இரவின் சமத்துவம், மற்ற இரவுகளின் வேற்றுமைக்கு மன்னிப்புச் சீட்டு ஆகாது. அது, மற்ற இரவுகளையும் கேட்டுப் பெறுவதற்கான முன்பணம்.

இளைஞர்களே! பூங்காவோ, நூலகமோ, மைதானமோ, பொது என்று பெயர் தாங்கிய எந்த இடத்தில் நீங்கள் காலடி வைத்தாலும் இரண்டு வினாக்களை எழுப்புங்கள். இது பொதுவாவதற்கு யார் விலை கொடுத்தார்? இது பொதுவாகவே நிலைக்க நாம் என்ன கொடுக்கிறோம்? முதல் வினாவை ஊரறிய உரக்கக் கேளுங்கள். இரண்டாம் வினாவை உங்களுக்குள்ளே கேளுங்கள், மெல்லக் கேளுங்கள். பக்கத்தில் யாரேனும், நாளெல்லாம் உழைத்துவிட்டு, இசை கேட்டுக்கொண்டிருக்கக் கூடும்.